உபயகாரர் இல்லாத பக்கம்

சுவர் தன் கனத்தினாலேயே நிற்கிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நானும் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து பார்த்துவிட்டேன், படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டுச் சுவரை மேலே கூரை பிடித்துக்கொள்கிறது, பக்கத்துச் சுவர்கள் தோள் கொடுக்கின்றன. மதில் சுவருக்கு அப்படி ஒருவரும் கிடையாது. தலை திறந்து கிடக்கும், இரண்டு பக்கமும் வெட்டவெளி. அதற்கு வரும் சுமை மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. காற்றுதான் அந்தச் சுமை. காற்று தள்ளும்போது சுவர் ஒடியப் பார்ப்பது தரையோடு சேரும் இடத்தில். அதனால் மதிலின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. அகலமான காங்கிரீட் அடித்தளம், அதிலிருந்து மேலே எழும்பும் கம்பி, அந்தக் கம்பியைக் கல்லின் வயிற்றுக்குள் இறுகப் பிடித்துக்கொள்ளும் காங்கிரீட். கட்டி முடித்த பிறகு இந்த மூன்றும் யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத எதற்கும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் மதிப்பு இருந்ததில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், ரவாங் பட்டணத்தில், ஒரு சீனப் பொறியாளரின் ஆபீசில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடத்துக்குக் கணக்குப் போடுவது, வரைபடம் வரைவது. டிப்ளோமா முடித்திருந்தாலும் பெண் என்பதால் ஆபீசுக்கு வருகிறவர்கள் என்னிடம் தேநீர் கேட்பார்கள். கிழமை நாட்களில் ரவாங்கிலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிக் கோலசிலாங்கூர் ரோட்டில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வருவேன். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மா தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு வெளிக்காட்டு வேலைக்குப் போய், புல் வெட்டி, மருந்தடித்து என்னைப் படிக்க வைத்தவள். அவள் கையில் மருந்து வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சோறு பிசையும்போது எனக்கே அது வரும்.

கோயில் ரோட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்தது. முகப்பு ரோட்டைப் பார்த்திருக்கும், முதுகு எங்கள் லயத்தைப் பார்த்திருக்கும். லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே ஒரு கால்வாய் ஓடும். அதுவரை கோயிலைச் சுற்றி முள்கம்பி வேலிதான். பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கு மதில் எழும்பிவிட்டது என்ற செய்தி வந்ததும் எங்கள் கோயிலுக்கும் மதில் வேண்டியதாகிவிட்டது. வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியாது.

கோயில் தலைவர் எங்கள் லயத்தில் பிறந்தவர்தான். லோரி ஒன்று வாங்கி, அதைப் பலவாக்கி, பக்கத்தில் அசாம் ஜாவா என்ற ஊரில் கல்வீடு கட்டிக்கொண்டு போனவர். தோட்டத்தை விட்டுப் போனாரே தவிர தலைவர் நாற்காலியை விட்டுப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள்.

"நம்ம தோட்டத்துப் பிள்ள இருக்கறப்ப வெளியில போயி பிளான் போட்டா நல்லாவாமா இருக்கும்?" என்றார். சம்பளம் கிடையாது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

நான் போட்டேன். ஆசையாகவே போட்டேன். ஆபீசில் அப்போது வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம். என் முதலாளி என் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். கடல் பக்கத்துக் களிமண், மேலே காய்ந்து கல் போல இருக்கும், மழை பெய்தால் உளைச் சேறாகிவிடும், அதனால் அடித்தளத்தை இன்னும் அகலப்படுத்து என்று சிவப்புப் பேனாவால் எழுதினார். நடுவில் பொந்து உள்ள சிமெண்டுக் கற்களை அடுக்கி, பொந்துகளில் கம்பியை இறக்கி, காங்கிரீட் நிரப்புவது என் திட்டம். சுவரை ஒரே நீளமாகக் கட்டாமல் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் இடையில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தேன். வெயிலிலும் மழையிலும் சுவர் நீளும், சுருங்கும். நாம் இடம் விடாவிட்டால் அது தானே பிளந்து இடம் பண்ணிக்கொள்ளும். முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. கோயில் கூட்டத்தில் படத்தை நானே விரித்து வைத்தேன்.

கூட்டத்தில் யாரும் அடித்தளத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அந்தப் பத்திகளில் போய் நின்றது. தலைவர் படத்தின் மீது விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். அவர் முகம் மலர்ந்தது. பத்திக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு பளிங்குக்கல், கல்லில் உபயகாரர் பெயர் என்றார். எங்கள் கோயிலில் மணிக்கு ஒரு உபயகாரர், மின்விசிறிக்கு ஒரு உபயகாரர், செருப்பு வைக்கும் பலகைக்குக்கூட ஒருவர் உண்டு. யாருடையது என்று எழுதப்படாத பொருள் அங்கே அம்மன் மட்டும்தான். காற்றுக்காக நான் பிரித்த பத்திகளை அவர்கள் பெயருக்காகப் பிரித்ததாக எடுத்துக்கொண்டார்கள். அறிவாளிப் பிள்ளை என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

ரோட்டுப் பக்கத்துப் பத்திகள் அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே போய்விட்டன. வாசலுக்கு வலப்பக்கம் தலைவருக்கு, இடப்பக்கம் வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோர் குடும்பத்துக்கு. தேர் திரும்புகிற இரண்டு பக்கங்களுக்கும் ஆள் கிடைத்தது, கொஞ்சம் சண்டையும் நடந்தது. லயத்தைப் பார்த்த பின்பக்கம் மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் யார் வருவார்கள், கால்வாயும் கோழிக்கூடும்தானே என்றார்கள். அந்தக் கோழிக்கூட்டில் ஒன்று அம்மாவுடையது.

அம்மாவுக்கு இந்தச் சேதி அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிறகு லயத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தலைவரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். பின்பக்கத்துப் பத்தி ஒன்றை நாங்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொள்கிறோம், எங்கள் பெயர்களை ஒரே கல்லில் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அம்மா தன் வாயால் ஒன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்து எனக்கு இடம் கேட்டபோதுகூட அப்பாவைப் பேச விட்டுவிட்டுக் கதவோரம் நின்றவள். அவள் பெயர் அதுவரை எங்கே எழுதப்பட்டிருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தோட்டத்துச் செக்ரோலில், ஆள் கணக்கு எழுதும் பதிவேட்டில், இருந்தது. சிவப்பு அடையாளக் கார்டில் இருந்தது. அந்தக் கார்டின் நிறமே நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லும். வேறெங்கும் கிடையாது. அம்மா அப்பா கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட அடிக்கவில்லை.

தலைவர் சிரித்துக்கொண்டே மறுத்திருக்கிறார். ஒரு கல்லுக்கு ஒரு குடும்பம்தான், கூட்டமாகப் பெயர் போட்டால் கல் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றாராம். அம்மா அதை எனக்குச் சொன்னபோது அவரையே நியாயப்படுத்தினாள். எழுத்து சின்னதாகிவிடும், படிக்க முடியாது, அவர் சொல்வதும் சரிதானே என்றாள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத என் அம்மா எழுத்து சின்னதாகிவிடும் என்று கவலைப்பட்டாள். நான் தனியாக ஒரு பத்தி எடுத்துத் தருகிறேன் என்றேன். என் கல்யாணத்துக்குச் சேர்ப்பதைத் தொடக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்பது வேறு கதை.

கட்டும் வேலையைத் தலைவர் தன் மச்சானுக்குக் கொடுத்தார். மச்சான் காங்கிரீட்டைப் பற்றி அறிந்தது, லோரியில் ஏற்றிப் போவார்கள் என்பது மட்டும்தான். முகப்பில் வேலை தொடங்கியபோது நான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய் நின்றேன். அங்கே கம்பி தாராளமாக இறங்கியது. தலைவரின் பத்தியில் நான் எழுதியதைவிட அதிகமாகவே இறங்கியது. அவர் பெயர் நிற்கும் இடம் அல்லவா, உரம் பத்தாது என்று இரண்டு மடங்கு போடச் சொல்லியிருந்தார். மேலே தாமரைப்பூ, சிங்கம், அதற்கு மேலே விளக்கு. இவ்வளவு தேவையில்லை, இதில் பாதியைப் பின்பக்கத்தில் போடுங்கள் என்று நான் சொன்னேன். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தங்கச்சி வெயிலில் நிற்காதே கறுத்துப்போவாய் என்றார்.

இடைவெளிகளையும் அவர்கள் விடவில்லை. இரண்டு குடும்பத்துக்கு நடுவில் பிளவு இருந்தால் உறவு முறிந்த மாதிரி இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, எல்லா இடைவெளியையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்கள். மதில் முடிந்து ஒரு வெயில் காலம் போனதும் தலைவரின் பத்தியில், பளிங்குக்கல்லின் நடுவே, உச்சியிலிருந்து அடிவரை ஒரு விரிசல் ஓடியது. அவர் பெயர் இரண்டாகிவிட்டது. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. சாமி கும்பிடப் போகும்போதெல்லாம் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

பின்பக்கத்தை அவர்கள் கட்டியது கிழமை நாட்களில், நான் ரவாங்கில் இருந்தபோது. அடுத்த சனிக்கிழமை நான் வந்து இறங்கியபோது சுவர் எழும்பி, பூசி, வெள்ளையடித்து, காவிப்பட்டையும் போட்டாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்று கேட்டேன். இந்தோனேசியக் கொத்தனார்கள் சுறுசுறுப்பானவர்கள் என்றார் மச்சான். கொத்தனார்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கொடுத்ததைக் கட்டினார்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். படத்தில் உள்ளபடிதான் என்றார். பூசிய சுவருக்குள் பார்க்க எனக்குக் கண் இல்லை. கும்பாபிஷேகம் நெருங்கிவிட்டது, வந்தவர்களுக்குச் சோறு போடுவதில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். அன்றைக்கு உபயகாரர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பின்சுவர் வந்ததில் லயத்துப் பெண்களுக்கு ஒரு வசதி கிடைத்தது. அதில் ஆணி அடித்து, எங்கள் பக்கத்துக் கம்பத்தோடு சேர்த்துத் துணிக்கொடி கட்டிக்கொண்டார்கள். சாயங்காலத்தில் சுவர் நிழலில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்வார்கள், பேன் பார்ப்பார்கள், கீரை ஆய்வார்கள். அந்தப் பக்கத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொன்ன இடத்தில்தான் நாளெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். முகப்புச் சுவரில் திருவிழா அன்று தவிர ஒரு காக்கை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் தோட்ட நிர்வாகம் கால்வாயை ஆழப்படுத்தியது. சுவரின் காலடி மண் சரிந்து கால்வாய்க்குள் போனது. அது எனக்குத் தெரியும், பார்த்தேன். மச்சானிடம் சொன்னேன், தலைவரிடம் சொன்னேன். அடித்தளம் படத்தில் உள்ளபடி அகலமாக இருந்தால் தாங்கிவிடும், இல்லாவிட்டால் ஆபத்து, ஓர் இடத்தில் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றேன். கட்டி முடித்த கோயில் சுவரின் அடியைத் தோண்டுவது அபசகுனம் என்றார் தலைவர். அதற்கு மேல் என்ன பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடல் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்து மழை முதலில் காற்றைத்தான் அனுப்பும். அம்மா துணி எடுக்க ஓடினாள். நான் வீட்டுக்குள் ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம்கூட வரவில்லை. லோரியிலிருந்து மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே வந்தபோது கோயிலின் முதுகு திறந்து கிடந்தது. நீளமாக ஒரு பத்தி, பலகை சாய்வது போல அப்படியே லயத்துப் பக்கம் படுத்திருந்தது. துணிக்கொடி அறுந்து, என் வேலைச் சட்டை ஒன்று சேற்றில் கிடந்தது. சுவரின் ஓரத்தில் அம்மாவின் தலையும் தோளும் தெரிந்தன. இடுப்புக்குக் கீழே கல்.

கால்வாய்ப் பள்ளம் இருந்ததால்தான் அவள் பிழைத்தாள். சுவரின் பாதிச் சுமை கால்வாயின் எதிர்க்கரையில் தங்கிவிட்டது. லயத்து ஆட்கள் கடப்பாரையும் மரக்கட்டையும் கொண்டு வந்து தூக்கினார்கள். அம்மா கத்தவில்லை. துணி எல்லாம் நனையுது, எடுத்துடு என்று என்னிடம் சொன்னாள். யாரோ ஒரு வேனைக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இடுப்பும் ஒரு காலும் உடைந்திருக்கிறது என்றார்கள். நடப்பாள், ஆனால் பழைய மாதிரி நடக்கமாட்டாள் என்றார்கள். வெளிக்காட்டு வேலை அதோடு முடிந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு வந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். உடைந்த இடம் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. கல்லின் பொந்துகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. உள்ளே காங்கிரீட் இல்லை, கம்பி இல்லை. ஒரு பொந்தில் யாரோ குடித்துப்போட்ட ஐஸ் தண்ணீர்ப் பை சுருண்டு கிடந்தது. அடித்தளம் என்று ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொஞ்சம் சிமெண்டுக் கலவை. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து யார் மீதாவது எறிய வேண்டும் போலிருந்தது.

ஆபீசில் விவரத்தைச் சொன்னேன். என் முதலாளி எங்கள் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தார். நாம் காட்டியது வேறு, அவர்கள் கட்டியது வேறு, நம் மேல் பழி வராது என்று பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வரிசையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

தோட்டத்தில் அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கோயில் சுவரில் பெண்கள் துணி காயப்போட்டார்கள், அதுவும் எல்லாத் துணியும் போட்டார்கள், தீட்டு, அம்மன் பொறுப்பாளா என்று பேச்சு கிளம்பியது. துணிக்கொடி இழுத்துத்தான் சுவர் சாய்ந்தது என்றும் ஒரு கட்சி இருந்தது. துணிக்கொடி இழுத்துச் சாய்கிற சுவர் எப்படிப்பட்ட சுவர் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளை போட்ட பிளான், அப்படித்தான் இருக்கும் என்று மச்சான் கடையில் உட்கார்ந்து சொன்னாராம். எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்ததா, பல வாயிலிருந்து வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மைலோ டின்னும் ஆரஞ்சும் கொண்டு வந்தார். நான் அவரை வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன். பின்பக்கத்தில் ஏன் கம்பி போடவில்லை என்று நேராகக் கேட்டேன். அவர் மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மழுப்பவே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"அந்தப் பக்கத்துக்கு உபயகாரங்க இல்லியேமா. அவங்கவங்க உபயத்துல அவங்கவங்க பத்திக்குக் கம்பி போட்டாச்சு. பொதுவுல இருந்ததுக்கு இருந்தத வச்சிக் கட்டுனோம்."

அவர் அதை ஒரு தப்பு என்றே நினைக்கவில்லை. கோயில் வழக்கம் அது. யார் என்ன கொடுத்தார்களோ அது அவர்கள் பெயருக்குப் போய்ச் சேரவேண்டும், ஒருவருடையதை இன்னொருவர் பக்கத்தில் போட்டால் கணக்குத் தப்பிவிடும். தன் பத்தியில் இருந்த உபரிக் கம்பியை எடுத்துப் பின்பக்கம் போட்டிருந்தால் அதைத்தான் அவர் திருட்டு என்று சொல்லியிருப்பார். காற்று வந்து கல்லில் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத் தள்ளுமா என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டி, கோபப்படாதமா என்றார்.

மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உடைந்த கற்களில் இரண்டை எடுத்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன், காட்டுவதற்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. தலைவர் மறுபடி வந்து போயிருக்கிறார். விழுந்த பத்தியைத் திரும்பக் கட்டப் போகிறார்களாம், கோயில் செலவிலேயே. அந்தப் பத்திக்கு அம்மாவின் பெயரில் கல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவள் பெயர் மட்டும், தனியாக, பெரிய எழுத்தில்.

அவள் அதைச் சொல்லும்போது தலையணையிலிருந்து எழும்பி உட்காரப் பார்த்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அப்பா உயிரோடு இருந்தபோதும் இல்லை, எனக்கு டிப்ளோமா கிடைத்தபோதும் இல்லை. என்னை வாயடைக்க அவர் கண்டுபிடித்த விலை அது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதைவிட மலிவாக வேறெதுவும் அவருக்குக் கிடைத்திருக்காது. புகார் கொடுத்தால் கல்லை வைக்கமாட்டார்கள், கொடுக்காதே என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் இருந்த கற்களை நான் கால்வாயில் போட்டேன்.

ஒன்றை மட்டும் விடவில்லை. தலைவர் வீட்டுக்கே போய், இந்தத் தடவை கம்பியும் காங்கிரீட்டும் படத்தில் உள்ளபடி போகவேண்டும், கட்டும் நாளை எனக்குச் சொல்லவேண்டும், நான் லீவு போட்டு வருவேன் என்றேன். அம்மன் மேல் ஆணையாகச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அவர் மனைவி எனக்குப் பலகாரம் கொடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

சொல்லி அனுப்பவில்லை. அம்மா கம்பு ஊன்றி வீட்டுக்கு வந்த வாரத்தில், அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, சுவரைக் கட்டிப் பூசி வெள்ளையடித்துக் கல்லையும் பதித்திருந்தார்கள். லயமே கூடி நின்று அவளை அழைத்துப் போனது. சின்னதாக ஒரு பூசை போட்டார்கள். அம்மா கல்லின் மீது கையை வைத்து, வெட்டிய எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். எது எந்த எழுத்து என்று அவளுக்குத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அம்மா அங்கேயே ஒரு சாக்கு விரித்து, தன் பெயருக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்தேன். முதலில் கோயிலைச் சுற்றி முன்னால் போய்த் தலைவரின் பத்தியில் தட்டினேன். விரிசல் விட்டிருந்தாலும் அடைத்த சத்தம் கேட்டது, பாறையில் தட்டுகிற மாதிரி. அடுத்த பத்தியிலும் அப்படியே. பிறகு திரும்பி வந்து அம்மாவின் தலைக்கு மேல், கல்லுக்குப் பக்கத்தில் தட்டினேன். காலி டின்னில் தட்டிய சத்தம். கீழே தட்டினேன், ஓரத்தில் தட்டினேன், தரையை ஒட்டிக் குனிந்து தட்டினேன். எல்லா இடத்திலும் அதே சத்தம்தான். அது பொதுவில் கட்டிய பத்தி. பெயர் வைத்தார்களே தவிர, உபயம் என்று யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை அல்லவா.

"என்னா தட்டிக்கிட்டே இருக்க?" என்றாள் அம்மா.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவளோ அந்தச் சுவரடியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. கம்பி இல்ல, காங்கிரீட் இல்ல, வெறும் பொந்து. பெரிய காத்து வந்தா திரும்பவும் விழும். இங்க உக்காராத, எந்திரி."

அம்மா கழுத்தைத் திருப்பி மேலே அந்தக் கல்லைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நான் சொன்னால் அவள் எப்போதும் நம்புவாள். கல்லின் கீழ் ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் துடைத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"விழுந்தா விழட்டும்" என்றாள். "போன தடவ பேரில்லாம விழுந்துச்சு. இனிமே விழுந்தா எம் பேரோடதான விழும்."

சொல்லிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒடிந்த காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து, அவளைத் தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை.